தாக்கக் கூடாத பட்டியலில் இருந்த மருத்துவமனை: குந்தூஸ், 2015

2015 அக்டோபர் 3, சனிக்கிழமை அதிகாலை 2:08. ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில் உள்ள குந்தூஸ் நகரில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திவந்த காயச் சிகிச்சை மருத்துவமனையின் பிரதான கட்டடத்தின் மீது அமெரிக்க விமானப்படையின், வட்டமடித்தபடி தரையைச் சுடும் ஏசி-130 ரக விமானம் சுடத் தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு, அவசரப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர், எக்ஸ்ரே, ஆய்வகம் எல்லாம் அந்த ஒரே கட்டடத்தில் இருந்தன. நோயாளிகள் 24 பேர், ஊழியர்கள் 14 பேர், நோயாளிகளுக்குத் துணையாக வந்திருந்தவர்கள் 4 பேர் என 42 உயிர்கள் போயின. எழுந்து நகர முடியாத நோயாளிகள் படுக்கையிலேயே எரிந்தார்கள். சுற்றியிருந்த மற்றக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. குண்டுகள் அத்தனை துல்லியமாக நடுக் கட்டடத்தின் மீதே விழுந்திருந்தன.

மருத்துவமனை இருக்கும் இடம் அமெரிக்கத் தரப்புக்குத் தெரியாமல் இல்லை. நான்கு நாள் முன்னர்தான் ஜிபிஎஸ் புள்ளிகள் மின்னஞ்சலில் போயிருந்தன, பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்திருந்தது. தாக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் அந்த மருத்துவமனை இருந்தது. நடுநிலை அமைப்பு ஒன்று ராணுவத்துடன் எப்படித் தொடர்பு வைக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றனவோ, அதை ஏறக்குறைய முழுமையாகச் செய்த இடத்தில்தான் இது நடந்தது. அதனால்தான் குந்தூஸை வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. தகவல் தலைமையகம் வரை போய்ச் சேர்ந்தது, சுடும் கைக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் அது எங்கெங்கே நின்றுபோனது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

குந்தூஸுக்கு முன்பு

2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் உதவிப் பணிக்கும் படைப் பணிக்கும் இடையிலான கோடு வேகமாக அழிந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் தொண்டு நிறுவனத் தலைவர்களிடம் பேசியபோது, அவர்களைத் தங்கள் படை பலத்தைப் பெருக்குபவர்கள் என்றும் போர் அணியின் ஒரு பகுதி என்றும் பாராட்டினார். அவர் சொன்னது நல்லெண்ணத்தில்தான். ஆனால் மறுதரப்பில் துப்பாக்கி ஏந்தியவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். அடுத்து, படையினரும் வளர்ச்சிப் பணி அலுவலர்களும் ஒரே முகாமில் இருந்துகொண்டு சாலை போடுவது, பள்ளி கட்டுவது, மருத்துவ முகாம் நடத்துவது எனச் செயல்பட்ட மாகாண மறுகட்டமைப்புக் குழுக்கள் வந்தன. குந்தூஸிலும் ஜெர்மனி தலைமையில் அப்படி ஒன்று இருந்தது.

2004இல் நாட்டின் தெற்கே கூட்டணிப் படைகள் துண்டறிக்கை வீசின. உதவி தொடர வேண்டுமானால் தாலிபான், அல்கொய்தா பற்றித் தகவல் கொடுங்கள் என்பது அதன் சாரம். எம்எஸ்எஃப் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அதை வெளிப்படையாகக் கண்டித்தது. அதே ஆண்டு ஜூன் 2 அன்று பாத்கீஸ் மாகாணத்தில் அதன் ஊழியர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூலை இறுதியில், இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நாட்டைவிட்டு அமைப்பு வெளியேறியது. துண்டறிக்கைதான் கொலைக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சோற்றுக்கும் மருந்துக்கும் உளவுத் தகவலை விலையாகக் கேட்கும் படை, களத்தில் இருக்கும் ஒவ்வொரு மருத்துவரையும் உளவாளி ஆக்கிக் காட்டுகிறது என்பதில் ஐயமில்லை.

2009இல் எம்எஸ்எஃப் திரும்பியபோது இதையெல்லாம் மனத்தில் வைத்தே நிபந்தனைகளை வகுத்தது. ஆப்கானிஸ்தான் பணிக்கு எந்த அரசின் பணமும் வாங்குவதில்லை. முழுக்க முழுக்கத் தனியார் நன்கொடை. ஆயுதக் காவல் இல்லை. படைத் தரப்பு வாகனம், விமானம் எதிலும் ஏறுவதில்லை. சிகிச்சை இலவசம், யாராக இருந்தாலும். குந்தூஸ் மருத்துவமனை 2011 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே ஆப்கன் அரசு, அமெரிக்க மற்றும் நேட்டோ படைகள், தாலிபான் ஆகிய மூன்று தரப்புகளுடனும் பேசி ஒப்புதல் பெற்றிருந்தார்கள். மருத்துவமனைக்குள் ஆயுதம் வரக் கூடாது, காயம்பட்டவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் சிகிச்சை உண்டு, படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பவை அதன் அடிப்படை.

வாசலில் இது நடைமுறையாக இருந்தது. காவலாளிகளிடம் துப்பாக்கி கிடையாது. வருபவர் ஆயுதத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய முடியும். போராளியின் சீருடையும் வெடிபொருளும் கழற்றப்படும். உள்ளே யாருக்கு முதலில் சிகிச்சை என்பதைக் காயத்தின் கடுமை மட்டுமே தீர்மானிக்கும். 2014இல் மட்டும் 22,000க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். 5,900க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வடகிழக்குப் பகுதி முழுவதற்கும் அந்தத் தரத்தில் அப்போது வேறு மருத்துவமனை இல்லை.

மூன்று அறிகுறிகள்

பேரிடர் அக்டோபர் 3 அன்று திடீரென முளைக்கவில்லை.

முதல் அறிகுறி 2015 ஜூலை 1. ஆப்கன் சிறப்புப் படையினர் ஆயுதங்களுடன் வளாகத்துக்குள் புகுந்து, வானத்தை நோக்கிச் சுட்டு, ஊழியர்கள் மூவரைத் தாக்கி, நோயாளிகள் மூவரைக் கைது செய்ய முயன்றார்கள். மருத்துவமனை சில நாள் மூடப்பட்டு, உறுதிமொழி பெற்ற பிறகு மீண்டும் திறந்தது. காபூலில் அமைச்சகம் ஒப்புக்கொண்ட விதி, குந்தூஸில் துப்பாக்கி பிடித்திருந்தவர்களுக்கு விதியாகவே படவில்லை என்பதை இந்தச் சம்பவம் காட்டிவிட்டது. எதிரிக்குக் கட்டுப் போடும் இடம் எதிரியின் இடம் என்ற எண்ணம் கீழ்மட்டத்தில் வேரூன்றியிருந்தது.

இரண்டாவது, செப்டம்பர் 28. அன்று தாலிபான் நகரைப் பிடித்தது. முதல் நாளில் மட்டும் 137 காயம்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களில் 26 பேர் குழந்தைகள். 92 படுக்கைகள் 140 ஆக்கப்பட்டன. அதுவரை அங்கே சிகிச்சை பெற்ற போராளிகளில் பெரும்பாலோர் அரசுப் படையினரும் காவலர்களும்தான். நகரம் கைமாறியதும் அரசுத் தரப்பு தன் ஆட்களில், மிகக் கடுமையாகக் காயம்பட்டவர்களைத் தவிர மற்றவர்களை வேறு மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டது. அதன்பின் படுக்கைகளில் தாலிபான் தரப்பினர் பெருகினார்கள். இருவர் சற்று உயர்ந்த பொறுப்பில் இருந்தவர்களாகத் தெரிந்தார்கள். எம்எஸ்எஃப் தாலிபான் பிரதிநிதியிடம் பேசி, உடல்நிலை தேறியவர்களை அனுப்பிவிடவும், தொடர் கவனிப்புத் தேவைப்படுவோரைச் சார்தரா மருத்துவ நிலையத்துக்கு மாற்றவும் கேட்டது. மருத்துவக் கணக்கில் அது படுக்கை தட்டுப்பாடு. ஆனால் வானத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் பார்ப்பவருக்கு, நகரைப் பிடித்த தரப்பின் ஆட்கள் போய்வரும் கட்டடமாக அது மாறியிருந்தது.

மூன்றாவது அறிகுறிதான் மிகக் கடுமையானது. அக்டோபர் 1 அன்று வாஷிங்டனிலிருந்து அமெரிக்க அரசு அதிகாரி ஒருவர், மருத்துவமனைக்குள் தாலிபான் ஆட்கள் பெருமளவில் பதுங்கியிருக்கிறார்களா என்று எம்எஸ்எஃப்பிடம் கேட்டார். ஊழியர்களின் பாதுகாப்பு பற்றியும் விசாரித்தார். மருத்துவமனை முழுவீச்சில் இயங்குகிறது, காயம்பட்ட தாலிபான் உள்ளிட்ட நோயாளிகளால் நிரம்பியிருக்கிறது என்று பதில் போனது. உண்மையான, சட்டத்துக்கு முழுக்க இசைவான பதில் அது. ஆயினும் அந்தக் கேள்வியை விசாரிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவமனையைப் பற்றி யாரோ எங்கோ வேறு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வராது. இப்படி ஒரு கேள்வி வந்தால் அதே நாளில் எழுத்து மூலம் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெற வேண்டும்: இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, பாதுகாக்கப்பட்ட இடம் என்ற நிலையை யாராவது மறுபரிசீலனை செய்கிறார்களா, அந்தப் பகுதியில் வான் தாக்குதலை இயக்கும் பிரிவுக்கு எங்கள் பதில் எப்போது போகும்.

இதற்கிடையே செய்ய வேண்டியவை நடந்தன. செப்டம்பர் 29 அன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, காபூலில் இருந்த அமெரிக்க ராணுவம், ஆப்கன் உள்துறை மற்றும் பாதுகாப்பு அமைச்சகங்கள் ஆகியவற்றுக்கு ஜிபிஎஸ் புள்ளிகள் அனுப்பப்பட்டன. குண்டுவீச்சு நடப்பதால் கொடுத்த புள்ளிகளுக்குள்ளேயே இருக்குமாறு ஐ.நா.வின் ராணுவத் தொடர்பு அலுவலர் அறிவுறுத்தினார். அக்டோபர் 2 அன்று கூரையின் மேல் எம்எஸ்எஃப் கொடிகள் இரண்டு விரிக்கப்பட்டன. ஜெனரேட்டர் ஓடியதால் நகரமே இருண்டிருந்த அந்த இரவில் மருத்துவமனை வெளிச்சமாக இருந்தது. தாக்குதல் நேரத்தில் 105 நோயாளிகள். அவர்களில் தாலிபான் தரப்பினர் சுமார் 20 பேர், அரசுத் தரப்பினர் மூன்று நான்கு பேர்.

விமானத்தில் நடந்தது

அமெரிக்க ராணுவத்தின் சொந்த விசாரணை அறிக்கை 3,000 பக்கங்களுக்கு மேல், 2016 ஏப்ரல் 29 அன்று வெளியானது. அதில் தெரியவருவது இதுதான்.

குந்தூஸில் அமெரிக்க சிறப்புப் படையினர் மாகாணக் காவல் தலைமையக வளாகத்தில் இருந்தார்கள். அவர்களுடன் இருந்த ஆப்கன் படையினர், தாலிபான் கையில் இருந்த ஆப்கன் உளவுத் துறைக் கட்டடத்தை மீட்கத் திட்டமிட்டு வான் ஆதரவு கேட்டார்கள். விமானம் திட்டமிட்ட நேரத்துக்கு 69 நிமிடம் முன்பே கிளம்பியது. படையினர் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறார்கள் என்று வந்த அவசர அழைப்பே அதற்குக் காரணம். அவசரத்தில் வழக்கமான விளக்கக் கூட்டம் நடக்கவில்லை; தாக்கக் கூடாத இடங்களின் பட்டியலும் விமானத்தில் ஏற்றப்படவில்லை. பறக்கும்போது அனுப்பிக்கொள்ளலாம் என்றால், செயற்கைக்கோள் வழித் தகவல் இணைப்பு நடுவானில் பழுதானது. வீடியோ, மின்னஞ்சல் எதுவும் போகவும் இல்லை, வரவும் இல்லை.

அடுத்து, தங்களை நோக்கி ஏவுகணை வந்ததாக நம்பிய குழுவினர் நகரிலிருந்து விலகி அகன்ற வட்டத்தில் சுற்றினார்கள். அத்தனை தூரத்திலிருந்து பார்த்ததில் குறிபார்க்கும் கருவியின் துல்லியம் குறைந்தது. தரையிலிருந்து கொடுக்கப்பட்ட புள்ளி சரியான புள்ளிதான். ஆனால் அதை உள்ளிட்டபோது கேமரா போய் நின்றது 300 மீட்டருக்கும் மேல் தள்ளி, ஒரு வெட்டவெளியில். குழுவினர் அருகில் கண்ணுக்குத் தெரிந்த, வாய்மொழி வர்ணனைக்கு ஓரளவு பொருந்திய பெரிய கட்டடத்தைத் தேர்ந்தார்கள். அதுதான் மருத்துவமனை. பின்னர் விமானம் பழைய வட்டத்துக்குத் திரும்பியதும் அதே புள்ளி உளவுத் துறைக் கட்டடத்தைச் சரியாகக் காட்டியது. அப்போதும் வர்ணனையையே நம்பினார்கள். தரையில் தாக்குதலுக்கு அனுமதி கொடுத்த தளபதி இருந்த இடத்திலிருந்து இரண்டு கட்டடங்களில் எதுவும் தெரியாது. மருத்துவமனையிலிருந்து யாரும் சுட்டுக்கொண்டும் இருக்கவில்லை.

சுடுவதற்கு ஒரு நிமிடம் முன்பு குழுவினர் காபூலுக்கு வடக்கே பக்ராம் விமானத் தளத்தில் இருந்த தலைமையகத்துக்குத் தாக்கப்போகும் இடத்தின் புள்ளியைச் சொன்னார்கள். அது மருத்துவமனையின் புள்ளி. கேட்டவர்களிடம் பட்டியல் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. கருவிப் பழுது, தூரம், அவசரம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு தடுப்பு மிச்சம் இருந்தது. பட்டியலை எடுத்துப் புள்ளியைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அதுவும் தவறியது.

தொலைபேசியில் நடந்தது

2:19க்கு காபூலில் இருந்த எம்எஸ்எஃப் பிரதிநிதி நேட்டோவின் தலைமையகத்தை அழைத்தார். 2:20க்கு செஞ்சிலுவைக் குழு. 2:32க்கு ஐ.நா. தொடர்பு அலுவலர், அதே நிமிடத்தில் நியூயார்க் அலுவலகம் வாஷிங்டனில் பாதுகாப்புத் துறையைப் பிடித்தது. 2:47க்கு ஊழியர் ஒருவர் இறந்தது உறுதி என்று நேட்டோ தலைமையகத்துக்குக் குறுஞ்செய்தி போனது. என்ன நடந்தது என்று இன்னும் தெரியவில்லை, வருந்துகிறேன் என்று 2:52க்குப் பதில். தாக்குதலை நிறுத்துங்கள் என்று 2:56க்கு மீண்டும் வற்புறுத்தினார்கள். இயன்றதைச் செய்கிறேன், உங்கள் எல்லோருக்காகவும் பிரார்த்திக்கிறேன் என்று 2:59க்கு மறுமொழி வந்தது.

அமெரிக்க அறிக்கையின்படி பக்ராமில் இருந்த சிறப்புப் படை அதிகாரிக்கு அழைப்பு வந்தது 2:20க்கு. தலைமையகமும் தரைத் தளபதியும் தவறை உணர்ந்தது 2:37க்கு. அதற்குள் விமானம் சுடுவதை நிறுத்திவிட்டிருந்தது. எம்எஸ்எஃப் கணக்கில் தாக்குதல் 3 மணிக்கும் 3:15க்கும் இடையில்தான் ஓய்ந்தது. எந்தக் கணக்கை எடுத்தாலும் அந்த 17 நிமிடம் மாறாது. அழைத்த எண்கள் தவறானவை அல்ல, எடுத்தவர்களும் அலட்சியம் செய்தவர்கள் அல்ல. அவர்களில் யாருடைய மேசையிலிருந்தும் அந்த விமானத்துக்கு நேரடியாக ‘நிறுத்து’ என்று சொல்ல வழி இல்லை.

ஆப்கானிஸ்தானில் அப்போது ஒரே தளபதியின் கீழ் இரண்டு பணிகள் ஓடின. ஒன்று, ஆப்கன் படைகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் நேட்டோ பணி. மற்றது, அமெரிக்காவின் தனிப் பணி. சிறப்புப் படைகளுக்கு வேறு தொடர்புச் சங்கிலி. வெளியிலிருந்து பார்க்கும் உதவி அமைப்புக்கு எல்லாம் ஒரே படையாகத் தெரியும்; உள்ளே ஒரு பிரிவுக்குச் சொன்னது அடுத்த பிரிவுக்குத் தானாகப் போகாது.

சட்டம் சொல்வது

சட்டத்தில் குழப்பம் இல்லை. காயம்பட்டுப் படுத்த போராளி போரிலிருந்து விலகியவர். அவருக்குச் சிகிச்சை அளிப்பதால் மருத்துவமனையின் பாதுகாப்பு குறையாது. மனிதாபிமானப் பணிக்கு அப்பாற்பட்டு எதிரிக்குத் தீங்கு செய்ய மருத்துவமனை பயன்பட்டால் மட்டுமே பாதுகாப்பு நீங்கும். அப்போதும் முன்னெச்சரிக்கை கொடுத்து, நியாயமான அவகாசம் தந்து, அது பலிக்காமல் போன பிறகே தாக்கலாம். ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறை இன்னும் விரிவாகவே சொல்கிறது: காயம்பட்டவர்களிடமிருந்து வாங்கி வைத்த சிறு ஆயுதங்கள் இருப்பதோ, மருத்துவக் காரணத்துக்காகப் போராளிகள் அங்கே இருப்பதோ தீங்குச் செயல் ஆகாது. குந்தூஸில் எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை. மருத்துவமனைக்குள் பயங்கரவாதிகள் ஒளிந்திருந்தார்கள் என்று ஆப்கன் அதிகாரிகள் பின்னர் சொன்னார்கள். அமெரிக்க விசாரணையும் அங்கிருந்து யாரும் சுட்டதாகக் காணவில்லை.

விசாரணை

பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்குச் சேதம் ஏற்பட்டிருக்கலாம் என்று அமெரிக்க ராணுவத்தினர் முதல் நாள் சொன்னார்கள். ஆப்கன் படைகள் கேட்டதால் தாக்கினோம் என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். அடுத்த நாள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன், முடிவு அமெரிக்கச் சங்கிலியில் எடுக்கப்பட்டது, மருத்துவமனை தவறாகத் தாக்கப்பட்டது என்று ஆப்கானிஸ்தானில் அமெரிக்க, நேட்டோ படைகளின் தளபதியாக இருந்த ஜான் கேம்ப்பெல் ஒப்புக்கொண்டார். அக்டோபர் 7 அன்று அதிபர் ஒபாமா எம்எஸ்எஃப் தலைவர் ஜோன் லியூவைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். பின்னர் 16 பேர் மீது நிர்வாக நடவடிக்கை எடுக்கப்பட்டது: கண்டனக் கடிதம், பதவி நீக்கம், மறுபயிற்சி போன்றவை. குற்ற வழக்கு இல்லை. படையின் தாக்குதல் விதிகளையும் போர்ச் சட்டத்தையும் சிலர் மீறினார்கள், ஆனால் வேண்டுமென்றே செய்யாததால் போர்க்குற்றம் அல்ல என்பது ராணுவத்தின் நிலை. இறந்தவர் குடும்பத்துக்கு 6,000 டாலர், காயமுற்றவருக்கு 3,000 டாலர் இரங்கல் தொகை என அறிவிக்கப்பட்டது.

எம்எஸ்எஃப் கேட்டது வேறு. 1991 முதல் இருந்தும் அதுவரை ஒருமுறைகூடப் பயன்படாத சர்வதேச மனிதாபிமான உண்மையறியும் ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றது. ஆணையம் முன்வந்தது. அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானும் இசைவு தரவில்லை. இசைவு இல்லாமல் அது அசைய முடியாது. தாக்கியவரே தன்னை விசாரித்த அறிக்கைதான் இன்றுவரை நம்மிடம் உள்ள மிக விரிவான ஆவணம். அது வெளிப்படையாகப் பேசும் இடங்களுக்காக மதிக்கிறோம்; சுயேச்சையான விசாரணைக்கு அது ஈடாகாது. 2016 மே 3 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை மருத்துவப் பணியைக் காக்கக் கோரும் 2286ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதற்குப் பிறகும் மருத்துவமனைகள் தாக்கப்பட்டன.

களத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது

முதலில் ஒரு பழைய வாதத்தைத் தீர்த்துவிடலாம். ராணுவத்துடன் பேசினால் நடுநிலை போய்விடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். எல்லாத் தரப்புடனும் பேசுவதுதான் நடுநிலை வேலை செய்யும் வழி. 1863இல் தொடங்கிய செஞ்சிலுவைக் குழு பேசியதை ரகசியமாக வைக்கிறது. எம்எஸ்எஃப் கண்டதை வெளியே சொல்கிறது. முறை வேறு, ஆனால் இருவரும் படைகளுடன் பேசுகிறார்கள். நடுநிலையைக் கெடுப்பவை வேறு: படை வாகனத்தில் ஏறுவது, ஆயுதக் காவலுடன் போவது, நோயாளி பற்றிய தகவலைக் கொடுப்பது, படை முகாமுக்குள் அலுவலகம் வைப்பது, அரசியல் நோக்குள்ள பணத்தை வாங்குவது.

இருப்பிட அறிவிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தசம டிகிரியில் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் கொடுத்தால் துல்லியம் சுமார் 1 மீட்டர். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் 100 மீட்டருக்கு மேல் விலகலாம், நகரத்தில் அது அடுத்த தெரு. நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கப் படைகள் பயன்படுத்தும் கட்ட முறையிலும் அதே இடத்தைப் பத்து இலக்கத்தில் எழுத வேண்டும். எந்த வரைபட அடிப்படை என்பதைக் குறிப்பிட வேண்டும். இப்போது வழக்கத்தில் உள்ளது, ஜிபிஎஸ் கருவிகள் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84. பெரிய வளாகமானால் நடுப் புள்ளி போதாது, சுற்றுச்சுவரின் மூலைகளும் வேண்டும். மேலிருந்து எடுத்த படம், கட்டடத்தின் வடிவம், இரவில் விளக்கு எரியுமா, 24 மணி நேர எண்கள், தேதி, பதிப்பு எண். குந்தூஸில் குழுவினர் கடைசியில் நம்பியது எண்ணை அல்ல, வடிவ வர்ணனையை. ஆகவே நம் கட்டடம் வானத்திலிருந்து எப்படித் தெரியும் என்பதும், அருகில் அதைப்போலத் தோற்றமளிக்கும் வேறு கட்டடம் உண்டா என்பதும் அறிவிப்பில் இருந்தாக வேண்டும்.

“பெற்றுக்கொண்டோம்” என்ற பதிலோடு நின்றுவிடக் கூடாது. எந்தப் பட்டியலில் ஏற்றினீர்கள், பதிவு எண் என்ன, சிறப்புப் படைகளிடம் அந்தப் பட்டியல் இருக்கிறதா, உங்களோடு சேர்ந்து போரிடும் உள்ளூர்ப் படைக்கு யார் சொல்வார்கள், விமானம் அவசரமாகக் கிளம்பினால் பட்டியல் எப்படிப் போகும் என்று கேட்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் பதில் வராது. எதற்குப் பதில் வரவில்லையோ அங்கேதான் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், ஊழியர் எண்ணிக்கையைக் குறைப்பதா என்பதையும் அதைவைத்து முடிவு செய்யலாம். போர்முனை நகர்ந்தாலும், நகரம் கைமாறினாலும், எதிரில் உள்ள படைப்பிரிவு மாறினாலும் முழு அறிவிப்பையும் புதிதாக அனுப்ப வேண்டும்.

அவசர எண் என்பது தொடர்பு அலுவலரின் கைப்பேசி மட்டும் அல்ல. வான் நடவடிக்கையை அந்த நொடியில் இயக்கும் மேசையின் எண், அல்லது அந்த மேசையோடு நேரடி இணைப்புள்ள ஒருவரின் எண் கையில் இருக்க வேண்டும். அமைதியான நாளில், இரவு இரண்டு மணிக்கு, ஒத்திகையாக அழைத்து, சொன்ன தகவல் விமானக் குழு வரை போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரு தரப்பும் சேர்ந்து அளக்க வேண்டும். படைகள் இதற்குத் தயங்குவார்கள். விடாமல் கேட்பது நம் கடமை.

கொடி பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் இத்தகைய விமானம் பார்ப்பது பெரிதும் வெப்பப் படம். கூரையும் துணியும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் கொடி அதில் தெரியாது. முதல் கூடுதல் நெறிமுறையின் இணைப்பு, செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சின்னத்தின் சிவப்புப் பகுதியை அகச்சிவப்புக் கருவி அடையாளம் காண உதவும்படி கறுப்பு அடிப்பூச்சின் மேல் பூசச் சொல்கிறது. அதைப் படித்துச் செயல்படுத்தும் மருத்துவமனைகள் குறைவு. 2024 ஏப்ரல் 1 அன்று காஸாவில் இஸ்ரேலியப் படையுடன் முன்கூட்டி ஒருங்கிணைத்துச் சென்ற, உணவு வழங்கும் தொண்டு அமைப்பான வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சனின் வாகனங்கள் தாக்கப்பட்டு ஏழு பேர் இறந்தபோதும், கூரைமேல் இருந்த சின்னம் இரவில் ட்ரோன் கேமராவில் தெரியவில்லை என்றே படைத் தரப்பு சொன்னது. ஒருங்கிணைப்புத் திட்டம் ட்ரோனை இயக்கியவர்கள் வரை போகவில்லை. எட்டரை ஆண்டு இடைவெளியில் அதே இடத்தில் அதே ஓட்டை.

இருப்பிடத்தைச் சொல்வதே ஆபத்தாகும் போர்களும் உண்டு. சிரியாவில் எம்எஸ்எஃப் ஆதரவு பெற்ற சில மருத்துவமனைகளின் ஊழியர்கள் தங்கள் இடத்தை அரசுத் தரப்புக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மருத்துவமனைகளே குறிவைக்கப்பட்ட போர் அது. இலங்கையின் வன்னியில் 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீண்டும் மீண்டும் எறிகணைக்கு உள்ளானது. அதன் இருப்பிடம் படைகளுக்கு நன்கு தெரிந்திருந்தது என்று ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு பின்னர் பதிவு செய்தது. செஞ்சிலுவைக் குழு நோயாளிகளைப் புதுமாத்தளனுக்கு மாற்றி, அங்கிருந்து கடல் வழியே திருகோணமலைக்குக் கொண்டுசென்றது. அறிவிப்பு தவறுதலாக நடக்கும் தாக்குதலைத் தடுக்கலாம். தாக்கியே தீருவது என்ற முடிவைத் தடுக்காது. எந்த வகைப் போரில் நிற்கிறோம் என்று கணித்த பிறகே புள்ளியை அனுப்ப வேண்டும், அந்த முடிவில் உள்ளூர் ஊழியர்களின் சொல்லுக்கே முதல் இடம்.

திரும்பி வந்தது

குந்தூஸுக்கு எம்எஸ்எஃப் உடனே திரும்பவில்லை. எல்லாத் தரப்பிடமும் மீண்டும் பேசி, யாராக இருந்தாலும் சிகிச்சை தருவோம், அதற்காக மருத்துவமனையோ ஊழியரோ தாக்கப்படக் கூடாது என்ற உறுதியைப் பெற்ற பிறகு, 2017 ஜூலையில் முதலில் சிறு அளவில் வெளிநோயாளிக் காயச் சிகிச்சையைத் தொடங்கியது. புதிய காயச் சிகிச்சை மருத்துவமனை 2021 ஆகஸ்ட் 16 அன்று நோயாளிகளை ஏற்றது. அதற்கு முந்தைய நாள் காபூல் வீழ்ந்திருந்தது. உறுதிமொழி கொடுத்த அரசும் அதன் படையும் கலைந்துபோயிருந்தன. முன்பு மறுதரப்பாக இருந்தவர்கள் ஆட்சியாளர்களாக வந்து அமர்ந்திருந்தார்கள். வாசலில் ஆயுதம் கூடாது என்ற விதியைப் புதிய காவலர்களிடம் முதலிலிருந்து பேச வேண்டியிருந்தது.